இரண்டாவது மச்சம்

அத்தியாயம் ஒன்பது

ஸ்டூடியோ முதல் மாடியில் இருந்தது. படிகள் குறுகல். வக்கீலம்மா முன்னால் ஏறினாள். பின்னால் அவள் உதவியாளன் ஒல்லி, சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு மூச்சு வாங்க வந்தான். அவனுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவருக்கு நல்ல குறும்பு இருந்திருக்க வேண்டும். அவள் பட்டமும் அப்படித்தான். கோர்ட்டை விட்டுவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கறுப்பு கோட் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"படியில விழுந்து செத்தாங்கன்னு கேஸு. விசாரிக்க வந்த எடத்துலயும் படியாக்கா? நான் உருண்டேன்னா விபத்துன்னு எழுதிடாதீங்க. நீங்க தள்ளிவிட்டீங்கன்னு எழுதுங்க. அதுலதான் ஒரு கௌரவம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவள் பேசாமல் இருக்கும்போதெல்லாம் அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்புவது அவன் பழக்கம்.

படியில் விழுந்து இறந்தவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு இறங்கும்போது கால் இடறிவிட்டது என்று கணவன் சொன்னான். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. நம்பாதவள் இறந்தவளின் அக்கா ஒருத்திதான். தங்கையின் கழுத்தில், காதுக்குக் கீழே, விரல் பதிந்த தடத்தை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். அதனால்தான் வக்கீலம்மாவைத் தேடி வந்தாள். தங்கை எப்படிச் செத்தாள் என்று தெரிய வேண்டும். தங்கையின் ஆறு வயது மகள் அந்த வீட்டிலிருந்து தன்னிடம் வந்து சேர வேண்டும். முதலாவது தெரியாமல் இரண்டாவது நடக்காது.

கணவன் லேசுப்பட்ட ஆள் இல்லை. குரலை உயர்த்தாதவன். எல்லோரையும் 'வாங்க போங்க' என்று பேசுகிறவன். மனைவியை அடித்தான் என்ற பேச்சு கிளம்பியதும் அவன் கோபப்படவில்லை. ஒரே ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். அவள் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், இந்த ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படம். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அடி வாங்கிய பெண்ணின் முகம் இப்படியா இருக்கும் என்று கேட்டான். போலீஸ் அதோடு விட்டுவிட்டது.

அந்தப் படத்தை வக்கீலம்மா நாள் கணக்காக மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் அது பக்கத்தில் இருந்தது. கேமராவுக்காகச் சிரிக்கிற முகங்களை அவளால் நம்ப முடிந்ததே இல்லை. தன்னுடைய படங்களில்கூட, சிரிக்கச் சொன்னவருக்காகச் சிரிக்கிற வேறு யாரோ ஒருத்திதான் இருந்தாள். எனவே சிரிப்பை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கழுத்து துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். அதை ஸ்டூடியோக்காரர் வாயால் சொல்ல வைத்துவிட்டால் போதும். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது படி ஏறி வந்திருக்கிறாள்.

ஸ்டூடியோவின் ஒரு பாதி படம் எடுக்க. திரை, குடை விளக்கு, பின்னால் மங்கலான நீல வானம். இன்னொரு பாதியில் கவுன்டர், பெரிய திரையுள்ள கம்ப்யூட்டர், வருகிறவர்கள் உட்கார ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டூடியோக்காரர் நாற்பது வயது மனிதர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இறந்துபோனவளின் அக்கா அனுப்பி வந்திருப்பதாகவும், தங்கையின் படம் ஒன்று பெரிதாக வேண்டுமென்று அவள் ஆசைப்படுவதாகவும் வக்கீலம்மா சொன்னாள். அது பொய்யும் இல்லை. அவர் படத்தைப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஃபைல் பழைய டிஸ்க்கில் இருக்கும், எடுத்துவருகிறேன் என்று உள்ளறைக்குப் போனார். சற்று நேரம் கழித்து டிஸ்க்குடன் வந்து கம்ப்யூட்டரில் மாட்டினார்.

அதற்குள் ஒல்லி கவுன்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ஒன்று இந்த வருடத்தது. மற்றது அதே குடும்பம், அதே ஸ்டூடியோ, போன வருடம் எடுத்தது, அக்காக்காரி கொடுத்தனுப்பியது.

"ஏங்க, இது ரெண்டும் ஒரே கடையில எடுத்ததா? இதுல மனுஷங்க இருக்காங்க. போன வருஷத்துதுல மூணு பேரையும் மெழுகுல செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு. திரி ஒண்ணுதான் பாக்கி."

கேலி சரியான இடத்தில் பட்டது. ஸ்டூடியோக்காரர் சங்கடமாகச் சிரித்தார், பிறகு பேச ஆரம்பித்துவிட்டார். போன வருடம் வரை அவரிடம் இருந்தது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான சுலபமான சாஃப்ட்வேர். தோலுக்கு ஒரு பட்டன், கண்ணுக்கு ஒரு பட்டன், வானத்துக்கு ஒரு பட்டன். தோல் பட்டனை அழுத்தினால் படத்தில் இருக்கிற எல்லோர் தோலும் ஒரே நொடியில் பளபளத்துவிடும். பிறந்த குழந்தைக்கும் எண்பது வயதுக் கிழவருக்கும் ஒரே கன்னம். ஆரம்பத்தில் ஜனங்களுக்குப் பிடித்தது. அப்புறம் ஒருவர், இது எங்கம்மா மாதிரியே இல்லை என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்வரிசையில் புதுக் கடை ஒன்றும் வந்தது. பெரிய ஸ்டூடியோக்களில் வைத்திருக்கும் புரொஃபஷனல் சாஃப்ட்வேருக்கு அப்போதுதான் மாறினார்.

"சைக்கிள் ஓட்டிட்டிருந்தவன ஏரோப்ளேன்ல உக்கார வெச்ச மாதிரி இருந்துது மேடம். எது எங்க இருக்குன்னே தெரியல. சாப்பிடறப்ப வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அப்படியென்ன வித்தியாசம் என்று அவள் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"இதுல எதுவும் தானா நடக்காது. மொகத்துல ஒரு பருவ எடுக்கணும்னாக்கூட நான் பாக்கணும், முடிவு பண்ணணும், கை வைக்கணும்."

பெருமையாகத்தான் சொன்னார். ஒல்லி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். இந்த வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பேச்சும். இனி மெஷின்தான் அழித்தது என்று அவர் சொல்ல முடியாது. சாட்சி இப்படித் தானாக வாயைத் திறக்கும்போது முன்பெல்லாம் அவளுக்குள் ஒரு துள்ளல் இருக்கும். இப்போது வெறும் களைப்புதான் வந்தது.

அந்தப் பெண்ணின் கழுத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னாள். அவர் தயங்காமல் காட்டினார். திரை முழுவதும் ஒரு கழுத்து. தோலின் நுண்துளைகள், பூனைமுடி, சங்கிலி அழுத்திய கோடு, காதுக்குக் கீழே ஆறிப்போன ஒரு சின்னப் பரு. எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. கை வைத்த தோல் இப்படி இருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. யாரும் எதையும் துடைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கழுத்து நிஜமாகவே சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

"அக்கா, நம்ம கேஸும் படியில உருண்டுடுச்சு" என்று ஒல்லி காதோரம் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில், சொன்னதை விழுங்கிக்கொண்டான்.

அக்காக்காரியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அவள் நின்றாள். ஸ்டூடியோக்காரர் படத்தைச் சின்னதாக்காமல் மவுஸால் பிடித்து அப்படியே இழுத்தார். பெரிதாக்கிய உருவங்கள் ஒவ்வொன்றாகத் திரையைக் கடந்தன. கணவனின் கன்னத்தில் பழைய பருக்குழிகள், சட்டைக் காலர், அம்மாவின் தோள், தோளைப் பிடித்திருந்த குழந்தையின் இடது கை.

"நிறுத்துங்க."

முழங்கைக்கு மேலே ஒரு மச்சம். முழங்கைக்குக் கீழே இன்னொன்று. ஒரே அளவு, ஒரே நிறம். மேலே இருந்ததன் ஓரத்தில் ஒரு முடி இடப்பக்கமாக வளைந்திருந்தது. கீழே இருந்ததன் ஓரத்திலும் ஒரு முடி, அதே இடப்பக்கமாக, அதே வளைவில்.

ஒல்லி போன வருடத்துப் படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்தான்.

"போன வருஷம் ஒண்ணுகூட இல்ல. இந்த வருஷம் ரெண்டு. மச்சம் குட்டி போடுமாக்கா?"

அவள் அக்காக்காரியைப் போனில் கூப்பிட்டாள். குழந்தையின் இடது கையில் எத்தனை மச்சம் என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணுதான், முழங்கைக்கு மேல. எத்தன தடவ குளிப்பாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்ப ஒரு வருஷமாத்தான் அவங்கப்பா என்னைப் புள்ளையத் தொடவே விடல. ஏன் மேடம்?"

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஸ்டூடியோக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்திருந்தார்.

"போன வருஷம் இருந்த ஒரு மச்சத்த உங்க பட்டன் அழிச்சிடுச்சு. அது மெஷின், அதுக்குக் கண்ணு கெடையாது. இந்த வருஷம் இல்லாத ஒண்ணு வந்திருக்கு. இதுல தானா எதுவும் நடக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றி, துடைத்து, மறுபடி போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். தணிந்த குரலில் விளக்கினார். இந்த சாஃப்ட்வேரில் ஒரு இடத்தை மறைக்க வேண்டுமென்றால், பக்கத்தில் நல்ல தோலாகப் பார்த்துத் தொட்டு, அதை எடுத்துக் கெட்ட இடத்தின்மேல் ஒற்ற வேண்டும். அப்போது அவருக்குக் கை பழகவில்லை. நல்ல தோலை அகலமாக எடுத்துவிட்டார். மச்சமும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. வாங்கிப்போனவனும் கவனிக்கவில்லை.

"கெட்ட எடத்துல என்ன இருந்துது?"

"வட்டமா. மூணு. எல்லாம் ஒரே அளவு. காய்ஞ்ச புண்ணு."

"சிகரெட்டா?"

"கொப்புளம்னு சொன்னாரு, அவங்கப்பா."

"நீங்க நம்புனீங்களா?"

"நம்பிடணும்னு நெனச்சேன்."

ஒல்லி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுக்கும் அதே வயதில் ஒரு மகள்.

வக்கீலம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனை நாள் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கண்ணும் கண்ணாடியுமாக, செத்துப்போனவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவர்கள்மேல் காட்டுகிற அக்கறையில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அவர்களை யாரும் இனி ஒன்றும் செய்துவிட முடியாது. உயிரோடு இருப்பவள் அதே படத்தில் அந்த அம்மாவின் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லை.

கேட்காமலே ஸ்டூடியோக்காரர் மீதியையும் சொன்னார். மனதில் பல நாள் அடக்கி வைத்திருந்தது என்பது, எங்கும் திக்காமல் வந்ததிலேயே தெரிந்தது.

அன்றைக்குக் குழந்தை முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தது. அப்பாவை நிற்க வைத்து, விளக்கைச் சரிசெய்து, கேமராவுக்குப் பின்னால் அவர் குனிந்த சமயத்தில், புழுக்கமாக இருக்கிறதே என்று சொல்லி அம்மா அந்த ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளே கையில்லாத கவுன். குழந்தையின் இடது கையைத் தூக்கித் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு, எடுங்கள் என்றாள். கணவன் நேராக கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இதை எடுத்துவிடுங்கள் என்றான்.

தங்கைக்குப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது, அந்தத் தடவை அவளே அடம்பிடித்தாளாம் என்று அக்காக்காரி முன்பு சொல்லியிருந்தாள். அது ஏன் என்று இப்போது வக்கீலம்மாவுக்கு விளங்கியது. அந்தப் பெண் வக்கீலைத் தேடவில்லை, போலீஸைத் தேடவில்லை. தேடினால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவன் காசிலேயே, அவனையும் பக்கத்தில் நிற்க வைத்து, அவனுக்கு எதிராக ஒரு சாட்சியம் எடுத்தாள். தனக்கு முன்னால் இந்தக் கேஸை எடுத்து நடத்தியவள் அவள்தான்.

"அப்புறம் அவங்க திரும்பி வந்தாங்களா?"

அவர் தலையசைத்தார். கொஞ்ச நாள் கழித்து அவள் தனியாக வந்தாள். கை வைக்காத படம் ஒரு காப்பி வேண்டும் என்றாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள் என்றார்.

"குடுத்தீங்களா?"

"படம் யாருக்காக எடுத்தோமோ, காசு யாரு குடுத்தாங்களோ, அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் குடுப்போம். எங்க தொழில்ல அதான் வழக்கம். அவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன்." கையிலிருந்த கண்ணாடியைக் கவுன்டரில் வைத்தார். "அவங்க எதிர்லயே பண்ணேன் மேடம். அவங்க எந்திரிச்சு எறங்கிப் போயிட்டாங்க."

மறுநாள் கணவன் வந்தான். மனைவி இறந்துவிட்டாள், அவள் படம் மட்டும் தனியாக, பெரிதாக வேண்டும் என்றான். அதே படத்திலிருந்துதான் அவளை வெட்டி எடுத்தார். தோளின்மேல் குழந்தையின் கை கிடந்தது. அதை முழுவதுமாக அழித்தால்தான் அவளைத் தனியாக எடுக்க முடிந்தது. அழித்தார்.

அசல் எங்கே என்று ஒல்லி கேட்டான். குரலில் விளையாட்டு இல்லை. அசல் இல்லை. படத்தின்மேல் தனியாக ஒரு அடுக்கு போட்டு, அதில்தான் வேலை செய்ய வேண்டும், அப்போது அடியில் அசல் பத்திரமாக இருக்கும் என்பதை அவர் பிறகுதான் கற்றுக்கொண்டார். அன்றைக்கு நேராகப் படத்தின்மேலேயே கை வைத்துவிட்டார். கேமராவில் மிச்சமிருந்த ஒரே காப்பியையும், மனைவி இறந்த பிறகு வந்த அன்று கணவன் எதிரே நின்று அழிக்க வைத்தான்.

"அப்ப நம்ம கையில ஒண்ணுமே இல்ல" என்றான் ஒல்லி.

"அசல் கம்ப்யூட்டர்ல இல்ல" என்று வக்கீலம்மா எழுந்தாள். "இந்நேரம் அது ஸ்கூல்ல இருக்கும்."

அவர்கள் கதவுவரை போனபோது ஸ்டூடியோக்காரர் கூப்பிட்டார்.

"மேடம். நீங்க வந்ததும் டிஸ்க் எடுக்க உள்ள போனேன் பாருங்க. அப்ப அவருக்கு மெசேஜ் போட்டுட்டேன். உங்க சம்சாரத்தோட அக்கா ஆள் அனுப்பி அந்தப் படத்தக் கேக்கறாங்க, குடுக்கலாமான்னு."

அவர் போனை நீட்டினார். பதில் வந்திருந்தது. மரியாதையான பதில். 'இப்போது குழந்தையைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போகிறேன். பிறகு பேசுகிறேன், நன்றி.'

ஸ்கூல் விடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

ஒல்லி இறங்கிய வேகத்தில் கைப்பிடி ஆடியது. காரைக் கிளப்பியபோது அவள் கதவைக்கூடச் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. அக்காக்காரியிடம் ஸ்கூல் நம்பரை வாங்கினாள். போலீஸைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே வரச் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை.

ஸ்கூலில் தலைமையாசிரியை எடுத்தாள். நிதானமான, வயதான குரல். குழந்தையின் அப்பா இப்போதுதான் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறார், ஏதோ அவசரம் என்கிறார், குழந்தையைக் கூட்டிவர ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றாள். அனுப்ப வேண்டாம் என்று வக்கீலம்மா சொன்னதும் அந்தக் குரல் இறுகியது.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. அவர் பெத்த தகப்பன். எதச் சொல்லி நான் நிறுத்தறது?"

"நிறுத்த வேணாம். பிள்ளைய உங்க ரூமுக்குக் கூப்பிட்டு, இடது சட்டக் கைய மேல தூக்கிப் பாருங்க. பாத்ததுக்கு அப்புறமும் அனுப்பலாம்னு தோணிச்சுன்னா அனுப்பிடுங்க."

போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம், சின்னச் செருப்பு. 'வாம்மா, கிட்ட வா' என்பது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. ஒல்லி சிக்னலைப் பார்க்காமல் போனான். அவள் போனைக் காதில் அழுத்தி அழுத்திக் காது வலித்தது. பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் சட்டைக் கையை இறக்கிவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நல்லவர்களைத்தான் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் அதிகம் பார்த்திருக்கிறாள்.

தலைமையாசிரியை மறுபடி பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"பழசு மட்டும் இல்லைங்க. புதுசும் இருக்கு. நேத்துப் போட்டது மாதிரி."

பிறகு போனை விலக்கி, யாரிடமோ, கேட்டை உள்பக்கம் பூட்டச் சொன்னாள். அவர் கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றாள். திரும்பி வந்து, "இவ ஏதோ கெஞ்சறா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நீங்களே பேசுங்க" என்றாள்.

போன் கை மாறியது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, சின்ன மூச்சு, அவசரமாக.

"நான் யார்கிட்டயும் சொல்லல" என்றது குழந்தை. "அப்பாகிட்ட சொல்லுங்க. நான் சொல்லவே இல்ல."

"தெரியும்டா கண்ணு" என்றாள் வக்கீலம்மா. "நீ சொல்லல. உங்க அம்மாதான் எங்கிட்ட சொன்னாங்க."